குடியரசுத் தலைவருக்கு எழுதிய மனுக்கள்: பேராயர் விப்பிளின் நினைவு நூலை மறுபதிப்பில் வாங்கலாமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் பேராயராக 1859-இல் பொறுப்பேற்று, 1901-இல் மறையும்வரை அப்பொறுப்பிலேயே இருந்தவர் ஹென்றி பெஞ்சமின் விப்பிள். அவர் முதுமையில் எழுதிய நினைவு நூலான ‘லைட்ஸ் அண்ட் ஷேடோஸ் ஆஃப் எ லாங் எபிஸ்கோபேட்’ 1899-இல் நியூயார்க்கில் மாக்மில்லன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இன்று பல நிறுவனங்கள் அதை மறுபதிப்பாக விற்கின்றன. கேட்பவருக்கு மட்டும் ஒவ்வொரு படியாக அச்சிட்டு அனுப்பும் பதிப்பகம் ஒன்றிடமிருந்து அதை அரூருக்கு வரவழைத்து முழுவதும் படித்தேன். நூல் மிக உயர்ந்தது; அது என் கைக்கு வந்து சேர்ந்த வடிவம் அந்த உயர்வுக்குத் தகுந்ததாக இல்லை. வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தேரி மலையிலிருந்தும் அதன் அடிவாரச் சிற்றூர்களிலிருந்தும் பட்டாவுக்காகவும், சாதிச் சான்றிதழுக்காகவும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமைகளுக்காகவும் அலைகின்ற மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது நான் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. திங்கட்கிழமைகளில் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போகிறவர்களுடன் நானும் போவதுண்டு. இந்த நூலை வாங்கியதும் அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான். திருச்சபை வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இதில் நிறையவே இருக்கிறது. ஆயினும், நிலம் இழந்த மக்களுக்காக அதிகாரத்தில் இருந்தவர்களுக்குத் தனிமனிதர் ஒருவர் நாற்பது ஆண்டுகள் விடாமல் எழுதிய மனுக்களின் வரலாறாகவே நான் இதைப் படித்தேன்.

1822-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆடம்ஸ் என்ற ஊரில் பிறந்த விப்பிள், தந்தையின் வணிகத்தில் பழகி, ஜனநாயகக் கட்சியின் அரசியலிலும் ஈடுபட்ட பிறகே குருப்பணிக்கு வந்தார். யாரிடம் எதைக் கேட்க வேண்டும், எந்தச் சொல் எந்த மேசையில் எடுபடும் என்ற தெளிவு அவருடைய கடிதங்களில் தொடக்கம் முதலே காணப்படுவதற்கு இந்த முன்வாழ்க்கையும் காரணம் என்று நினைக்கிறேன். 1849-இல் திருநிலைப்படுத்தப்பட்டு, அதே மாநிலத்தின் ரோம் என்ற ஊரில் பணியாற்றி, 1857-இல் சிகாகோவுக்குச் சென்றார். அங்கே ரயில்வே தொழிலாளர்களை எப்படி நெருங்குவது என்று அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி ரயில் இயந்திரத்தைப் பற்றிய நூலைக் கற்றுத் தேர்ந்துவிட்டு, எஞ்சின் ஓட்டுநர்களிடம் போய் அவர்கள் தொழிலைப் பற்றியே பேச்சைத் தொடங்கினார் என்று நூலில் ஒரு பகுதி வருகிறது. சின்னஞ்சிறிய நிகழ்ச்சிதான், ஆனால் முதலில் எதிராளியின் உலகத்தைக் கற்றுக்கொள்வது, அதன் பிறகே வாய் திறப்பது என்ற அவருடைய வழி அதில் முழுமையாகத் தெரிகிறது.

1859 அக்டோபரில் ரிச்மண்ட் நகரில் பேராயராக அருட்பொழிவு பெற்று, மறு ஆண்டு ஃபாரிபோ என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கே அவர் வளர்த்தெடுத்த பள்ளிகள், இறையியல் கல்லூரி, 1862-இல் அடிக்கல் நாட்டி 1869-இல் அர்ச்சித்த பேராலயம், இங்கிலாந்துப் பயணங்கள், உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டின் தொடக்கத்தில் 1888-ஆம் ஆண்டு ஆற்றிய அருளுரை, மீன்பிடித்தலில் அவருக்கிருந்த விருப்பம் ஆகியவையெல்லாம் நூலில் விரிவாகவே வருகின்றன. திருச்சபை நிர்வாகத்தில் ஆர்வமில்லாதவர்கள் இந்தப் பக்கங்களை விரைவாகக் கடந்துவிடலாம். காலவரிசையைக் கண்டிப்பாகப் பின்பற்றாமல் நினைவு போகும் போக்கில் சொல்லிச் செல்வதால், ஆண்டுகளைத் தனித்தாளில் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது.

நூலின் உயிர் மினசோட்டாவின் பழங்குடிகளான டகோட்டா, ஒஜிப்வே மக்களைப் பற்றிய கடிதங்களில் இருக்கிறது. விப்பிள் மினசோட்டாவுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1851-இல், டகோட்டா மக்கள் இரண்டு ஒப்பந்தங்களின் மூலம் சுமார் 2.4 கோடி ஏக்கர் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்து, மினசோட்டா ஆற்றின் இரு கரைகளிலும் குறுகிய பட்டைக்குள் ஒடுங்கியிருந்தார்கள். 1858-இல் வடகரையும் கைவிட்டுப் போனது. விலையாக ஆண்டுதோறும் வர வேண்டிய பணத்தில் பெரும்பகுதியை, கடன் கணக்கு என்று சொல்லி வணிகர்கள் முன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். கணக்குப் புத்தகம் வணிகரிடம் இருந்தது. அதைப் படித்துச் சரிபார்க்க மக்களுக்கு வழியில்லை. வட்டிக்காரர் வைத்திருக்கும் நோட்டில் கைநாட்டு வைத்துவிட்டு, எவ்வளவுக்கு வைத்தோம் என்று தெரியாமல் என் எதிரே வந்து உட்காருகிற முதியவர்களைப் பார்த்தவன் என்பதால், இந்தப் பக்கங்களை நான் விரைவாகக் கடக்கவில்லை.

வந்த மறு ஆண்டே, 1860 ஏப்ரல் 9-ஆம் தேதி, விப்பிள் குடியரசுத் தலைவர் புக்கானனுக்குக் கடிதம் எழுதினார். 1862 மார்ச் 6-ஆம் தேதி ஆபிரகாம் லிங்கனுக்கு எழுதினார். இந்த இரண்டு கடிதங்களுக்காக மட்டுமே நூலை வாங்கலாம். தகுதி பாராமல் கட்சிக்கு உழைத்ததற்குக் கூலியாகவே, பழங்குடி மக்களிடம் அரசின் சார்பில் பணியாற்றும் முகவர் பதவிகள் தரப்படுகின்றன என்பது அவருடைய முதன்மையான குற்றச்சாட்டு. தன்னாட்சி பெற்ற நாடுகளைப் போல மதித்து அவர்களோடு ஒப்பந்தம் போடும் அரசு, ஒப்பந்தம் முடிந்ததும் எந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லாமல் அவர்களைக் கைவிடுகிறது என்றும், சாராய வணிகம் தடையின்றி நடக்கிறது என்றும் எழுதுகிறார். அடுத்து, நேர்மையானவர்களை நியமிப்பது, சட்டத்தின் காப்பை அளிப்பது, பள்ளிகளையும் பயிர்த்தொழிலையும் ஏற்படுத்துவது என்று என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறார். பதவியில் இருப்பவருக்குரிய மரியாதை ஓரிடத்திலும் குறையவில்லை. சொல்ல வந்த குற்றச்சாட்டும் ஓரிடத்திலும் மழுங்கவில்லை. மனு எழுதிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோபத்தைக் கொட்டினால் மனு ஓரமாகப் போய்விடும். கெஞ்சினால் கோரிக்கை என்னவென்றே தெரியாது. விப்பிள் நடந்ததையும், அதற்கு யார் பொறுப்பு என்பதையும், கேட்பது என்ன என்பதையும் அந்த வரிசையிலேயே வைக்கிறார்.

லிங்கன் சுருக்கமாகப் பதில் எழுதி, விஷயத்தை உள்துறைச் செயலாளரின் கவனத்துக்கு அனுப்பி வைத்தார். ‘மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்ற வரியோடு திரும்பிவரும் பதில்களைக் கோப்புக் கோப்பாக வைத்திருக்கும் எவருக்கும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோடையில் ஆண்டுப் பணம் வந்து சேரத் தாமதமானது. கிடங்குகளில் தானியம் இருந்தும், பணம் வராமல் கடன் தர மாட்டோம் என்று வணிகர்கள் மறுத்தார்கள். 1862 ஆகஸ்ட் 18-ஆம் தேதி டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் இடையே போர் வெடித்தது. தாமதமான 71,000 டாலர் தங்கம் அதே நாளில்தான் ரிட்ஜ்லி கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

நூற்றுக்கணக்கான குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். விப்பிள் செயின்ட் பீட்டர் என்ற ஊருக்கு விரைந்து சென்று, தப்பி வந்த காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை செய்வதில் மருத்துவருக்குத் துணையாக இருந்தார். அவருடைய அடுத்த கட்டக் கடிதங்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். இழப்பின் கொடுமையை நேரில் கண்டவர் அவர். கண்ட பின்னும், பழிவாங்கும் வெறியில் குற்றமற்றவர்களைக் கொல்லாதீர்கள், இந்தப் போருக்கு வித்திட்டது அரசின் வஞ்சகம் என்று செய்தித்தாள்களில் எழுதினார். மாநிலம் முழுவதும் வசைமாரி பொழிந்தது. தம் சொந்தத் திருமண்டலத்து மக்களே வெறுத்துப் பேசிய அந்த மாதங்களில் அவர் ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் வாஷிங்டன் சென்று, உறவினரும் அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதியுமான ஜெனரல் ஹாலெக் துணையுடன் லிங்கனை நேரில் சந்தித்தார். இதற்கிடையே மினசோட்டாவில் இராணுவ ஆணையம் 303 டகோட்டா ஆண்களுக்கு மரண தண்டனை விதித்திருந்தது. சில விசாரணைகள் சில நிமிடங்களிலேயே முடிந்திருந்தன. லிங்கன் விசாரணைக் குறிப்புகளைத் தருவித்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் செய்து பெரும்பாலானோரின் தண்டனையை நிறுத்தினார். 38 பேர் 1862 டிசம்பர் 26-ஆம் தேதி மன்கேட்டோ நகரில் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். லிங்கனின் முடிவுக்கு விப்பிள் ஒருவரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் போர் வருவதற்கு முன்பே தேதியிட்ட கடிதமாகக் குடியரசுத் தலைவரின் மேசையில் இந்த முறைகேடுகளை வைத்தவர் அவர் என்பதால், பிற்பாடு அவர் பேசியபோது அதைப் பின்புத்தி என்று யாராலும் தள்ளிவிட இயலவில்லை. மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்வது இதற்காகவே. எங்கள் அரூர் வட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் நடந்த கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011-இல்தான் வந்தது. அத்தனை ஆண்டுகள் வழக்கு உயிரோடு இருந்ததற்கு, சோர்வடையாமல் மீண்டும் மீண்டும் எழுதியவர்களும் பேசியவர்களும் காரணம்.

விப்பிளைப் பற்றிய என் மதிப்பு இத்தனை உயர்ந்தது என்பதாலேயே, நூலை மட்டும் நம்பி அவரை முடிவு செய்யக் கூடாது என்றும் சொல்கிறேன். டகோட்டா மக்கள் வாழ வேண்டுமானால் கிறிஸ்தவர்களாகவும், தனித்தனி நிலம் வைத்து உழும் குடியானவர்களாகவும் மாற வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. அவர்களுடைய வேட்டை, சடங்கு, கூட்டு வாழ்வு ஆகியவற்றுக்கென்று தனி மதிப்பு உண்டு என்ற எண்ணம் அவருடைய எழுத்தில் அரிது. 1876-இல் பிளாக் ஹில்ஸ் மலைகளை, டகோட்டா மக்களின் உறவினமான லகோட்டா மக்களிடமிருந்து பெறுவதற்காக அரசு அனுப்பிய ஆணையத்தில் அவரும் உறுப்பினர். 1868 ஒப்பந்தப்படி நிலத்தை விட்டுக்கொடுக்க வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினரின் கையொப்பம் வேண்டும். கிடைத்தது சுமார் பத்தில் ஒரு பங்கு. மறு ஆண்டு நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கிவிட்டது. ஆணையத்தின் அறிக்கை அரசின் துரோகங்களைக் கடுமையாகக் கண்டித்தது என்பது உண்மை. அதில் கையெழுத்திட்டவர்கள் வழியாகத்தான் மலைகள் பறிபோயின என்பதும் உண்மை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தும், பணம் வேண்டாம், மலை வேண்டும் என்று லகோட்டா மக்கள் இன்றுவரை அதை வாங்க மறுக்கிறார்கள். மக்களுக்காகப் பேசுபவர்கள் மக்களைக் கேட்காமலே அவர்களுக்காக முடிவெடுக்கத் தொடங்கும் இடம் எது என்று அறிய விரும்புபவர்கள் 1862-ஆம் ஆண்டுக் கடிதத்தையும் 1876-ஆம் ஆண்டு வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒஜிப்வே குருவானவரான என்மெகாபோவைப் பற்றிய பகுதிகளையும் தவறவிடாதீர்கள். 1867-இல் விப்பிள் கைகளால் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட அவரை, எபிஸ்கோப்பல் திருச்சபையில் குருத்துவம் பெற்ற முதல் அமெரிக்கப் பழங்குடியினராகக் குறிப்பிடுவார்கள். பேராயரின் குரல் நிறைந்த இந்த நூலில் மலைபோல் குவிந்த நினைவுகளுக்கு நடுவே அவர் தோன்றும் இடங்கள் தனி வெளிச்சம் பெறுகின்றன.

இனி நான் வாங்கிய படியைப் பற்றிச் சொல்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்தேன். கெட்டி அட்டை என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள், வந்ததும் கெட்டி அட்டைதான். காகிதம் வெள்ளையாக, போதிய கனத்தோடு இருக்கிறது. உள்ளே அச்சாகியிருப்பது எங்கோ ஒரு நூலகப் படியை ஒளிவருடி எடுத்த பிம்பம். ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் தடிமனான மூலநூலை முழுவதுமாக விரிக்காமலே ஒளிவருடியிருக்கிறார்கள் என்பதால், இடப்பக்கங்களில் வரியின் கடைசி எழுத்துகளும் வலப்பக்கங்களில் முதல் எழுத்துகளும் நடு மடிப்பின் கறுப்பு நிழலுக்குள் போய்விடுகின்றன. முகப்பில் இருக்க வேண்டிய பேராயரின் உருவப்படத்தின்மேல் மூலநூலில் இருந்த மெல்லிய காப்புத் தாளை விலக்காமலே படமெடுத்திருப்பதால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் படலம்தான் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியா நிழலா என்று சொல்ல முடியவில்லை. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடிதங்கள் பல இடங்களில் உரைநடையைவிடச் சிறிய எழுத்தில் அமைந்திருப்பதால், பிம்பத்தைச் சுருக்கி அச்சிட்டதில் மிகுந்த பாதிப்புக்கு உள்ளானவை அவையே. தேதிகளில் 3 எது, 8 எது என்று வேறுபடுத்த உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது. தேதியே உயிர்நாடியான ஆவணங்களுக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது.

கட்டமைப்பும் ஏமாற்றம்தான். பாரம் பாரமாகத் தைக்காமல் முதுகில் பசை மட்டும் தடவி ஒட்டியிருக்கிறார்கள். மேசையில் விரித்து வைத்துக் குறிப்பெடுக்க முயன்றால் புத்தகம் தானே மூடிக்கொள்கிறது. அழுத்திப் பிடித்தால் தாள்கள் கழன்று வருகின்றன. மாற்றித் தரக் கேட்டு எழுதியதற்கு, எல்லாப் படிகளும் இதே கோப்பிலிருந்துதான் அச்சாகின்றன என்று பதில் வந்தது. நேர்மையான பதில் என்றாலும், விற்பனைப் பக்கத்திலேயே அதைச் சொல்லியிருந்தால் வாங்குபவருக்கு உதவியாக இருந்திருக்கும்.

காசு கொடுக்காமலே படிக்கும் வழியும் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இந்நூலின் ஒளிவருடல் இலவசமாகக் கிடைக்கிறது. நான் பார்த்த கோப்பில் நடு மடிப்பு நிழல் இல்லை, பக்கங்களின் பழுப்பு நிறம்கூட மாறாமல் இருக்கிறது, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கலாம், சொற்களைத் தேடவும் முடிகிறது. அதிலிருந்து கடிதங்கள் வரும் பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் அச்செடுத்து, பைண்டிங் செய்யும் முதியவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் தாள்களின் இடப்பக்கம் போதிய ஓரம் விடப்பட்டிருக்கிறதா என்று முதலில் விரலால் அளந்து பார்த்து, சில தாள்களை மறுபடியும் அச்செடுத்து வரச் சொன்னார். பிறகு ஊசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் ஓரத்தையல் போட்டு, காலிகோ ஒட்டிய அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார். எழுத்து பெரிது, தேதிகள் தெளிவு, எத்தனை முறை புரட்டினாலும் ஒரு தாளும் அசையவில்லை. அச்சுக்கும் பைண்டிங்குக்கும் சேர்த்து ஆன செலவு மறுபதிப்பின் விலையில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஆகவே, முழு வாழ்க்கை வரலாற்றையும் கையில் வைத்துப் படித்தே ஆக வேண்டும் என்பவர்கள் மறுபதிப்பு வாங்குவதற்கு முன், விற்பவரிடம் கடிதம் அச்சாகியுள்ள ஏதேனும் ஒரு பக்கத்தின் படத்தைக் கேட்டுப் பெறுங்கள். முகப்புப் பக்கத்தின் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிம்பமாக அச்சிடாமல் எழுத்துகளை மறுபடி கோத்து வெளியிடும் மறுபதிப்புகளும் சந்தையில் உண்டு. அவற்றில் இயந்திரம் தவறாகப் படித்த எண்கள் அப்படியே தங்கிவிடும் வாய்ப்பு இருப்பதால், தேதிகளை மூலத்தின் ஒளிவருடலோடு ஒப்பிட்டுக்கொள்வது அவசியம். ஆய்வுக்காகப் படிப்பவர்களுக்கு நினைவு நூல் போதாது. விப்பிளின் மூலத்தாள்கள் மினசோட்டா வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் எழுதியவற்றோடு அவருக்கு வந்த கடிதங்களும் அங்கே இருக்கின்றன. போர்க்கைதிகளை நூற்றுக்கணக்கில் தூக்கிலிட முடியாது என்று 1862 நவம்பரில் செனட்டர் ஹென்றி ரைசுக்கு அவர் எழுதியதைப் போன்ற கடிதங்களை, எதிர்த்தரப்பில் இருந்த இராணுவத் தலைவர் சிப்லியின் எழுத்துகளோடு அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அந்த வாதத்தின் முழு வடிவம் கிடைக்கும்.

புக்கானனுக்கும் லிங்கனுக்கும் எழுதிய இரண்டு கடிதங்களையும், மனு எழுதப் பழகும் இளைஞர்கள் அமைப்பைப் பார்த்துக்கொள்வதற்காகத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன். காலிகோ அட்டை போட்ட படி அரூரில் என் மேசைமேல்தான் இருக்கிறது; வேண்டுபவர்கள் வந்து உட்கார்ந்து படிக்கலாம், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தரலாம். மறுபதிப்புப் படியையும் கேட்டால் காட்டுகிறேன், பக்கங்கள் கழன்றிருப்பதால் மெதுவாகப் புரட்ட வேண்டும்.